பழைய அபுதாபி எனக்குத் தெரியும்

பெட்டியக் கொஞ்சம் உள்ளாற தள்ளி வச்சுக்கங்க தம்பி, பஸ்ஸுல போறவக வாறவக கால்ல இடிக்கும். ஆங், அப்படித்தான். கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாறேன். சொட்டு மருந்த விட்டு விட்டு எல்லாம் மசமசன்னு தெரியுது. ஆனா உங்க பெட்டியில எழுதியிருக்கிற அபுதாபி மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுருச்சு பாருங்க.

எத்தன வருசமா அங்க இருக்கீக? பதினாலா? அப்ப உங்களுக்குத் தெரியாது. கோவிச்சுக்காதீக. நீங்க பாத்தது இப்ப உள்ள ஊரு. கண்ணாடியும் இரும்புமா ஆகாசத்துக்கு நிக்கிற ஊரு. எனக்குத் தெரிஞ்சது பழைய அபுதாபி.

கடல ஒட்டி ஒரு ரோடு. இடுப்பளவு ஒசரத்துக்குச் சுவரு. அந்த ரோட்டுல ஒரு மணிக்கூண்டு. அதத் தாண்டி நடந்தா ஒரு நீரூத்து இருக்கும், குட்டி மலை மாதிரி படிப்படியாக் கட்டுனது. பொழுது சாஞ்சதும் செகப்பு வெளக்கப் போடுவாக, மலை நெருப்பக் கக்குற மாதிரி தண்ணி வழியும். சனங்க பாய விரிச்சு உக்காந்து ஐஸ்கிரீம் திம்பாக. அங்கேருந்து உள்ள திரும்பினா பழைய கடைத்தெரு. தணிவான கூரை. ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கி நிக்கணும். துணிக்கடை, கடியாரக்கடை, சந்தனக்கட்டை மாதிரி ஒரு கட்டைய எரிச்சு வாசனை காட்டுற கடை. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல வெறும் மணல் பொட்டல், அதுல பசங்க கிரிக்கெட்டு ஆடும். ஏசிப் பெட்டியிலேருந்து தண்ணி சொட்டுமுல்ல, அதுக்கடியில பூனை படுத்துக்கெடக்கும். டாக்சியெல்லாம் வெள்ளையும் தங்கக் கலருமா இருக்கும். ரோட்டோரம் வேப்ப மரம் தம்பி. நம்மூரு வேம்பு. அந்த மணல்ல எப்படித்தான் வளத்தாகளோ.

எந்த வருசம் அங்க இருந்தேன்னா கேக்குறீக? நான் இருந்ததில்ல. போன மாசந்தான் மொத மொதலாப் போனேன். பதினெட்டு நாளு இருந்தேன். இதெல்லாம் கேசட்டுல கேட்டது.

எங்க வீட்டுக்காரர் எழுவத்தொம்பதுல போனாக. கல்யாணமாகி ஒம்பது மாசம். ஏஜெண்டு ஆபீசு வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு. போயி ரெண்டு மாசத்துல தொண்டிக்காரர் ஒருத்தர் கையில ஒரு டேப்பும் ஒரு கேசட்டும் குடுத்து விட்டாக. அப்ப போனு ஏது? எனக்கு எழுத்தும் தட்டுத்தடவித்தான் வரும். கேசட்டுல அவுக பேசுவாக, நான் கேட்டுட்டு வேற கேசட்டுல பேசி அனுப்புவேன். மொதக் கேசட்டுல நான் பேசுனது இன்னும் ஞாபகம் இருக்கு. "அந்த ஊரு எப்படியிருக்குன்னு சொல்லுங்க. நான் கண்ண மூடிக்கிட்டுப் பாத்துக்கிறேன்."

சொன்னாக தம்பி. மாசத்துக்கு ஒரு தெரு. "தெய்வான, இன்னைக்கு உன்ன மீன் விக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு ஆரம்பிப்பாக. மதியம் சோறு வடிச்சுட்டு, மாமியா கண்ணசந்ததும், டேப்ப மடியில வச்சுக்கிட்டுக் கேப்பேன். அவுக கொரலுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு எரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கும். ம்ம்ம்ம்னு. என்னங்க அதுன்னு கேட்டேன். "ஊரு சத்தம் தெய்வான. கீழ வண்டி போகுதுல்ல"ன்னாக. எனக்கு அந்தச் சத்தம் அம்புட்டுப் பிடிக்கும். நம்ம வீட்டுல அந்த நேரம் கோழி சீய்க்கிற சத்தந்தானே கேக்கும்.

அவுக தங்கியிருந்த கட்டடம் மூணாவது மாடி. பச்சைச் சன்னல். தொறந்தா பள்ளிவாசல் மினாரு தெரியும், கீழ ரொட்டிக் கடை. யாக்கூபு பாய்னு ஒருத்தர், அதே தொண்டிக்காரர்தான், கூட ஒரே ரூமு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வருவாக. வந்தா ஊரப் பத்திப் பேச மாட்டாக. நான்தான் கிண்டிக் கிண்டிக் கேப்பேன். "அதான் கேசட்டுல சொல்லிட்டேன்ல"ம்பாக.

எம்பத்தாறுல ஒரு சங்கதி நடந்து போச்சு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல தப்பான்னு.

அந்தச் சித்திரையில மாமியா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சு போச்சு. படுத்த படுக்கை. தூக்கி உக்கார வைக்கிறதுலேருந்து பீ மூத்திரம் அள்ளுற வரைக்கும் நான்தான். பயலுக்கு அஞ்சு வயசு, அவனுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுறேன். ஆனந்தூர்லேருந்து எங்க அம்மா வந்து ரெண்டு நாளு இருந்துட்டு, ஆடு மாடப் பாக்க ஆளில்லன்னு போயிருச்சு. அந்த நேரம் பாத்து வருது ஒரு கேசட்டு. போட்டுக் கேக்குறேன். அந்த நீரூத்துக்குப் போனாகளாம். குடும்பங் குடும்பமா உக்காந்து ஐஸ்கிரீம் திங்கிறாகளாம். காத்து சிலுசிலுன்னு வருதாம். "நீயும் இங்க இருந்தா எப்படியிருக்கும் தெய்வான"ங்கிறாக.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். கையில மலத்துணிய வச்சுக்கிட்டு நிக்கிறேன் தம்பி. அந்தக் கேசட்டையே திருப்பிப் போட்டு அதுமேலேயே பேசுனேன். "நீ அங்க காத்து வாங்கு. ஒங்காத்தா பீய நான் அள்ளுறேன். ஒம்புள்ள செத்தாச் சொல்லி விடுறேன், அதுவரைக்கும் ஐஸ்கிரீம் தின்னு. இனிமே எனக்குக் கேசட்டு அனுப்பாத." வாங்க போங்கன்னு பேசிக்கிட்டிருந்தவ நீ, ஒன்னன்னு பேசிப்புட்டேன். பேசி, தபால்ல போட்டுட்டேன்.

அனுப்பாதன்னு சொன்னாலும் அவுக அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தாக. மார்கழியில லீவுல வாற வரைக்கும் அஞ்சு கேசட்டு வந்துச்சு. அஞ்சையும் நான் பிரிக்கல. பீரோ மேல வச்சுருந்தேன். வீம்புதான். இல்லேங்கல. எதிர்த்த வீட்டு மணிமேகலை ஒரு நாள் வந்து, "அக்கா, புதுக் கேசட்டா இருக்கே, எங்க வீட்டுல கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் பதியணும்"னா. எடுத்துட்டுப் போன்னுட்டேன். அஞ்சையும். உள்ள என் வீட்டுக்காரர் பேசியிருக்காகன்னு அவளுக்குத் தெரியும். அழிச்சுரவான்னு ரெண்டு தடவை கேட்டா. அழின்னேன்.

மாரியம்மன் கோயில் கொழா ஸ்பீக்கர்ல பாட்டா ஓடுச்சு அந்த அஞ்சும்.

மார்கழியில வந்தாக. எளச்சுப் போயி, முகமெல்லாம் கருத்து. ஆபீசுல இருக்கிறவகளுக்கு ஏன் இம்புட்டுக் கருப்புன்னு அப்பக்கூட எனக்கு ஓடல பாருங்க. பயலுக்கு ஒடம்பு தேறிருச்சு, மாமியாவும் கம்ப ஊனி நடக்க ஆரம்பிச்சுருச்சு. எனக்கும் கோவம் ஆறிப்போச்சு. கொல்லையில நான் துணி அலசிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து குத்த வச்சு உக்காந்தாக.

"தெய்வான, கேசட்டக் கேட்டியா?"ன்னாக.

குடுத்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "கேட்டேன்"னுட்டேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

"ஒண்ணுமே சொல்லலியே நீயி?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? இருந்துட்டுப் போகுது விடுங்க"ன்னேன். வேற என்ன சொல்றது? வழக்கம் போல ஏதோ ரோட்டப் பத்திச் சொல்லியிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவுக என் ஈரக் கைய ரெண்டையும் புடிச்சுக்கிட்டாக. புடிச்சுக்கிட்டு அழுகுறாக தம்பி. ஆம்பள, கொல்லையில ஒக்காந்து, தோளு குலுங்க. நான் பயந்தே போனேன். சண்டை தீந்துச்சேன்னு அழுகுறாகன்னு நெனச்சேன். "ஒன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா"ன்னாக. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் கேசட்டெல்லாம் இன்னும் நல்லா இருக்கும். சிரிச்சு சிரிச்சுப் பேசுவாக. "இந்த மாசம் எந்தத் தெருவுக்குப் போகலாம், நீயே சொல்லு"ம்பாக. ரெண்டாயிரத்து ஒண்ணுல முடிச்சுட்டு வந்தாக. இங்க ஏழு வருசம் இருந்தாக, அப்புறம் நெஞ்சு வலியில போய்ச் சேந்துட்டாக. அந்த ஏழு வருசமும் வீட்டுக்கு யாராச்சும் வந்து, அபுதாபி எப்படிண்ணேன்னு கேட்டா, அவுக பேச மாட்டாக. என்னப் பாப்பாக. நான்தான் சொல்லுவேன். மணிக்கூண்டு இங்க, கடைத்தெரு அங்கன்னு. அவுக சேர்ல சாஞ்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாக. கண்ணு நெறஞ்சு இருக்கும். பழைய ஞாபகம் வந்துருச்சு போலன்னு நான் இன்னும் கூட நாலு தெருவச் சேத்துச் சொல்லுவேன்.

போன மாசம் என் மகன் கதிரேசன் விசிட் விசா எடுத்துக் கூட்டிட்டுப் போனான். அவனுக்கு அங்க கம்ப்யூட்டர் வேலை. ஏர்போட்டுலேருந்து போறப்பவே, "மொதல்ல மணிக்கூண்டுக்குப் போப்பா"ன்னேன்.

"எந்த மணிக்கூண்டும்மா?"

"கடக்கரை ரோட்டுல உள்ளது."

மறுநாளு கூட்டிட்டுப் போனான். கடலு இருக்கு. மணிக்கூண்டு இல்ல. நீரூத்து இல்ல. எடுத்துட்டாகளாம். கடைத்தெரு எங்கடான்னேன். போன்ல பாத்துட்டு, அதயும் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிட்டாங்கம்மான்னான். உள்ள போனோம். பளிங்குத் தரை, நகரும் படி. ஒதுங்கி நிக்கிற சந்து எங்க? வாசனைக் கட்டை எங்க? வெளிய ஒரு பெஞ்சுல உக்காந்துட்டேன். "எங்க வீட்டுக்காரர் நடந்த ஊர எவன்டா இடிச்சது"ன்னு வாய் விட்டு அழுகுறேன். போறவன் வாறவனெல்லாம் பாக்குறான். "அம்மா, அம்மா"ன்னு பய கையப் பெசையுறான்.

"சரி, அப்பா இருந்த கட்டடத்தையாச்சும் காட்டு. பச்சைச் சன்னல், கீழ ரொட்டிக் கடை"ன்னேன். ரெண்டு நாளு சுத்துனோம். மினாரு தெரியுற எடமெல்லாம் நிப்பாட்டச் சொல்லி எறங்கிப் பாத்தேன். ஒரு ரொட்டிக் கடை இருந்துச்சு. அதுக்கு மேல மாடியே இல்ல. அப்பத்தான் கதிரேசன், "யாக்கூபு மாமா இங்கதான் அவரு மகன் வீட்டுல இருக்காரும்மா, அவரக் கேப்போம்"னான்.

வந்தாரு மனுசன். எழுவத்தெட்டு வயசு, முட்டி வலி. பதினாறாவது மாடிக்கு லிப்டுல வந்து, மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்தாரு. என்னப் பாத்ததும் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. டீ குடுத்தேன்.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இருந்த கட்டடம் எந்தத் தெரு? இவனுக்குச் சொல்லுங்க, முழிக்கிறான்."

"எந்தக் கட்டடம் தங்கச்சி?"

"மூணாவது மாடி. பச்சைச் சன்னல்."

அவரு டம்ளரக் கீழ வச்சாரு. கதிரேசனப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "சோலை உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னானே தங்கச்சி. அந்த எம்பத்தாறுலயே."

சோலைன்னா எங்க வீட்டுக்காரர்தான். சோலையப்பன். பாருங்க, பேரச் சொல்லிப்புட்டேன்.

"என்னத்தச் சொன்னாகண்ணே?"ன்னேன்.

அவரு எந்திரிக்கப் பாத்தாரு. நான் விடல. "ஒங்க பேரப்புள்ளைக மேல ஆணை, சொல்லுங்க"ன்னேன். அப்புறந்தான் சொன்னாரு.

அவுக ஊருக்குள்ள இருந்ததே இல்லையாம் தம்பி. இருவத்திரெண்டு வருசமும். ஊருலேருந்து நாலு மணி நேரம் வண்டியில போகணுமாம், பாலைவனத்துக்குள்ள, எண்ணெய்க் குழாய் போடுற கேம்பு. தகரப் பெட்டி மாதிரி ரூமு, ஒண்ணுல எட்டுப் பேரு. ஏஜெண்டு சொன்ன ஆபீசு வேலையெல்லாம் பொய்யாம். அவுக ஜெனரேட்டர் பாத்தாகளாம். பகலெல்லாம் அந்த மிசினுக்குப் பக்கத்துல. தனியாப் பேச வேற எடம் கெடையாதுன்னு அந்தக் கொட்டகைக்குள்ளயே உக்காந்துதான் எனக்குக் கேசட்டு பேசுவாகளாம்.

அப்ப அந்த எரைச்சல்... ஆமா தம்பி. அதுதான்.

"அப்ப தெருவெல்லாம்? மணிக்கூண்டு?"ன்னு கேட்டேன். அது நெசந்தானாம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சாமான் ஏத்த லாரி ஊருக்கு வருமாம். அரை நாளு. மத்தவக கடைக்கும் சினிமாவுக்கும் போவாக, அவுக மட்டும் வெறுவெறுன்னு நடப்பாகளாம். "வா சோலை, சாப்புடலாம்னா வர மாட்டான் தங்கச்சி. இந்தத் தெருவ இன்னும் பாக்கல பாய், அவளுக்குச் சொல்லணும்பான். கடைக்கு என்ன கலருன்னு கையில எழுதிக்குவான்"னாரு. "மொத தடவை நீ ஊரு எப்படின்னு கேட்டியாம்ல. வெறும் மணலுன்னு சொல்ல அவனுக்கு மனசு வரல."

அவரே மேல சொன்னாரு. "நீ கோவமாப் பேசி அனுப்புன கேசட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அதுக்கப்புறம் ரெண்டு நாளு சாப்புடல. அப்புறம் ஒரு நாளு கொட்டகையிலேருந்து வெளிய வந்து, பாய், இன்னைக்கு அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், கேம்ப, மிசின, எட்டுப் பேர, எல்லாத்தையும், இனிமே அவ என்ன சொன்னாலும் சரின்னான். வியாழக்கெழம தண்ணி லாரி வரும், அதுலதான் தபாலும் வரும். லாரி வாறதுக்கு முன்னாடியே மணல்ல ரொம்ப தூரம் நடந்து போயி நிப்பான். வெயில்ல. ஒவ்வொரு வியாழக்கெழமையும். உங்கிட்டேருந்து ஒண்ணும் வராது."

ஏழு மாசம் தம்பி.

"லீவு முடிஞ்சு திரும்பி வந்தப்ப அவன் ஆளே வேற"ன்னாரு பாய். "பாய், அவ எல்லாத்தையும் கேட்டுட்டா, ஒரு வார்த்தை கேக்கல, இருந்துட்டுப் போகுதுன்னுட்டான்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான். பெறகும் ஏன்டா தெருக்கதை பேசுறேன்னு கேட்டேன். அவளுக்குத் தெரியும் பாய், தெரிஞ்சுக்கிட்டே கேக்குறா, என் மானத்தக் காப்பாத்துறா, அவளுக்கு இதக்கூடச் செய்யலைன்னா எப்படின்னான்."

அந்த மனுசன் சாகுற வரைக்கும் எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுச் செத்துருக்கு. நான் விருந்தாளிக கிட்ட மணிக்கூண்டு, நீரூத்துன்னு அளந்தேனே, நான் அவுகளுக்காகப் பொய் சொல்றேன்னு நெனச்சு என்னைய அப்படிப் பாத்துக்கிட்டு இருந்துருக்காக. நான் என்னத்தக் கண்டேன்? எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க. நீரூத்துன்னாக, ஐஸ்கிரீமுன்னாக. பச்சைச் சன்னல்னு சொன்னது அவுகதானே? எம்மேல தப்பு ஒண்ணுமில்லையில்ல?

கதிரேசன், "அந்தக் கேம்பு இருந்த எடத்துக்குப் போவமாம்மா"ன்னு கேட்டான். யாக்கூபு பாய்தான், "அங்க ஒண்ணுமில்ல, மணல்தான், குழாயெல்லாம் பூமிக்குள்ள போயிருச்சு"ன்னாரு. நான் போகல. திரும்பி வந்து மணிமேகலைய ஒரு வார்த்தை கேட்டேன். "அக்கா, அதெல்லாம் எப்பயோ நாடா சிக்கி வீசியாச்சே"ன்னா. அவ மேல என்ன இருக்கு? ரெண்டு தடவை கேட்டுட்டுத்தானே அழிச்சா.

என்ன தம்பி? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல.

அந்தக் கேசட்ட நான் அன்னைக்கே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னா?

நல்லாக் கேட்டீக. கெளம்பி வாங்கன்னு சொல்லியிருப்பேன். வேற என்ன சொல்லுவேன்? எந்தப் பொம்பளை தன் புருசன மணல்ல கெடன்னு சொல்லுவா? கூழோ கஞ்சியோ, வந்துருங்கன்னு சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன் தம்பி.

எம்பத்தாறுல நாங்க வீடு கட்டிக்கிட்டு இருந்தோம். ஓட்டு வீட்டப் பிரிச்சுட்டு மெத்தை வீடு. எங்க தெருவுல மொத மெத்தை வீடு அதுதான். செவுரு எழும்பி லிண்டல் மட்டத்துல நின்னுச்சு. மழைக்கு முன்னாடி தளம் போட்டாகணும்னு கொத்தனாரு தெனமும் வந்து வாசல்ல நிப்பாரு. திட்டிப் பேசி அனுப்புனேன்னு சொன்னேன்ல, அந்தக் கேசட்டு. அதுல கடைசியா நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குச் சொல்லல. யாக்கூபு பாயும் அதச் சொல்லல. அவருக்கும் தெரிஞ்சுதான் இருக்கும். எல்லாத்தையும் திட்டி முடிச்சுட்டு, மூக்கச் சிந்திட்டு, "தளத்துக்குப் பணம் அனுப்பு"ன்னு சொல்லித்தான் நிப்பாட்டுனேன்.

அனுப்பிட்டாக. ஒரு வார்த்தை எழுதல, பேங்கு டிராப்டு மட்டும் வந்துச்சு.

ஐப்பசி மழைக்கு முன்னாடி தளம் போட்டுட்டோம்.